கோட்டைக்குள் ஒரு பறவைக் கணக்கு!

எங்கள் வீட்டு விறகுப் புரையில் மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு பாம்பைக் கொன்றோம். நான்தான் முதலில் பார்த்தேன். கூச்சல் போட்டதும் நான்தான். தெருவில் போய்க்கொண்டிருந்த நாலு ஆட்கள் கம்போடு ஓடி வந்து அடித்துப் போட்டார்கள். ஆள் நீளத்துக்குக் கிடந்தது.

அப்போது என் மகன் மூன்றாம் வகுப்பு. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றவன், "எம்மா, அது என்ன செஞ்சுது?" என்று கேட்டான். "பாம்பு இல்லியா மக்கா!" என்றேன். அதற்கு மேல் எனக்கே பதில் தெரியவில்லை. அன்றிலிருந்து அவன் இருட்டினால் முற்றத்தில் இறங்கமாட்டான். பயத்தைக் கொடுத்தது நான். அதை எப்படித் திரும்ப வாங்குவது?

இந்த நிலையில்தான் அவன் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு சீட்டு வந்தது. தேசிய பசுமைப் படை மாணவர்கள் பொங்கல் விடுமுறையில் பத்மநாபபுரம் கோட்டைக்குள் பறவைகளைக் கணக்கெடுக்கப் போகிறார்களாம். துணைக்கு இரண்டு மூன்று தாய்மார்கள் வர முடியுமா என்று கேட்டிருந்தார் ஆசிரியர். மத்திய அரசின் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2001-ல் தொடங்கிய இயக்கம் இந்தப் பசுமைப் படை. மரக்கன்று நடுவதோடு நிற்காமல் பிள்ளைகளைக் காடு மேடு கூட்டிப்போகும் ஆசிரியர் கிடைப்பது அந்தப் பள்ளிக்கூடத்தின் அதிர்ஷ்டம். எங்களுக்குக் கிடைத்திருந்தார். தன் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இங்கே 'சார்' என்றே சொல்கிறேன்.

காலை ஆறரை மணிக்குத் தக்கலையில் பஸ் இறங்கினோம். இரண்டு கிலோமீட்டரில் கோட்டை வாசல். வடக்கே வேளிமலை பனி மூடி நின்றது. இந்தக் கோட்டை அரண்மனையை மட்டும் காப்பதற்காகக் கட்டியதல்ல. உள்ளே தெருக்கள், வீடுகள், கோயில்கள், குளம் எல்லாம் உண்டு. கல்குளம் என்ற பழைய பெயர் கொண்ட இந்த ஊர்தான் 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரம். 1956 நவம்பர் 1-ல் நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஆனால் அரண்மனை மட்டும் இன்றும் கேரள அரசின் தொல்லியல் துறை வசம்!

"அரண்மனை திறக்க நேரம் கிடக்கு. அதுக்கு முன்ன நமக்கு ஒரு வேல உண்டு" என்றார் சார். பன்னிரண்டு பிள்ளைகளுக்கு இருந்ததோ ஒரே ஒரு தொலைநோக்கி. ஆனால் ஆளுக்கொரு நோட்டு உண்டு. தேதி, இடம், நேரம் எழுத வேண்டும். பிறகு பதினைந்து நிமிஷம் வாய் திறக்கக்கூடாது. கண்ணில் பட்டது எது, எத்தனை என்று மட்டும் குறிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2015 முதல் ஒவ்வொரு பொங்கலுக்கும் இப்படிக் கணக்கெடுக்கிறார்களாம். வீட்டு முற்றத்தில் இருந்தபடியே யார் வேண்டுமானாலும் சேரலாம்.

பதினைந்து நிமிஷம் பேசாமல் இருப்பது பிள்ளைகளைவிட எங்களைப் போன்ற அம்மாமாருக்குத்தான் கஷ்டம்! முதல் ஐந்து நிமிஷம் எனக்கு வீட்டு நினைப்பு. கேஸ் அடைத்தேனா, மாமிக்கு மாத்திரை எடுத்து வைத்தேனா என்று மனம் ஓடியது. அதற்குப் பிறகுதான் காது திறந்தது. எங்கோ 'குட்ரூ... குட்ரூ...' என்று ஓயாமல் ஒரு சத்தம். தினமும் பாத்திரம் தேய்க்கும்போது கேட்கும் அதே சத்தம்! இத்தனை வருஷம் அது என்ன என்று திரும்பிப் பார்த்ததில்லை. குக்குறுவான் என்று சார் காட்டினார். பச்சை இலைக்குள் பச்சை உடம்பு. கோட்டைச் சுவரோரம் செம்போத்து ஒன்று நடந்து போனது. தென்னை உச்சியில் இரண்டு கிளி. வானத்தில் ஒரு செம்பருந்து.

அரண்மனைக் கூரையைச் சுற்றி அம்பு மாதிரிப் பறந்த கருப்புக் குருவிகளை நான் 'தகைவிலான்' என்று எழுதினேன். சார் திருத்தினார். அவை உழவாரக் குருவிகள். கால் அமைப்பு காரணமாக அவற்றால் மின்கம்பியில் உட்கார முடியாது. சுவரைப் பற்றிக்கொண்டு தொங்கத்தான் முடியும். இரையைப் பிடிப்பது, தண்ணீர் குடிப்பது எல்லாம் பறந்தபடியே. இதில் பனை உழவாரன் என்று ஓர் இனம் பனையோலையில் கூடு ஒட்டுகிறது. பனை குறைந்தால் அதன் வீடும் குறையும்.

ஒன்பது மணிக்கு அரண்மனைக்குள் போனோம். எத்தனை தடவை பார்த்தாலும் அந்தக் கருப்புத் தரையைக் குனிந்து தடவாமல் வர முடிகிறதா? சுண்ணாம்பு, சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெழுகியது என்கிறார்கள். நம் வீட்டு மொசைக் வெட்கப்பட வேண்டும்! அங்கிருந்து ஊட்டுப்புரை. கீழே ஆயிரம் பேர், மாடியில் ஆயிரம் பேர் என்று ஒரே நேரத்தில் இரண்டாயிரம் பேருக்குச் சோறு போட்ட இடம். ஊறுகாய் வைத்த பெரிய ஜாடிகள் இன்னும் வரிசையாக இருக்கின்றன.

அங்கே சார் ஒரு கேள்வி போட்டார். "இத்தன பேருக்குச் சோறு பொங்கணும்னா எவ்வளவு நெல்லு வேணும்? நெல்லு இருந்தா என்ன வரும்?"

"எலி!" என்றது ஒரு பிள்ளை.

"எலி வந்தா?"

யாரும் பேசவில்லை. என் மகன் மட்டும் மெதுவாக, "பாம்பு" என்றான்.

"ஆமா. சம்பளம் இல்லாத காவல்காரன்" என்றார் சார்.

எனக்குச் சுருக்கென்றது.

மதியம் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குப் போனோம். 1741-ல் குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு மார்த்தாண்ட வர்மாவின் படைத் தளபதியான டச்சுக் கம்பெனி அதிகாரி டிலனாயின் கல்லறை இங்கே இருக்கிறது. இப்போது இது வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா. மர நிழலில் கட்டுச்சோற்றைப் பிரித்தோம். சாப்பாடு முடிந்ததும் சார் பையிலிருந்து படங்களை எடுத்தார். எல்லாம் பாம்புகள்.

முதல் படமே நாங்கள் அடித்துப்போட்டது! சாரைப்பாம்பு. துளி விஷம் கிடையாது. எலிதான் அதன் முக்கியமான தீனி. நான் மறைக்காமல் நடந்ததைச் சொன்னேன். என் மகன் தலையைக் குனிந்துகொண்டான். சார் குற்றம் சொல்லவில்லை. "தெரியாததாலதான் பயம். பயத்தாலதான் கம்பு" என்றார். பாம்பைக் கொல்வது 1972-ம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் அன்றுதான் அறிந்தேன்.

நம் நாட்டில் பெரும்பாலான உயிரிழப்புக்குக் காரணம் நாலே வகைப் பாம்புகள்: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இந்த நான்குக்கும் சேர்த்து ஒரே மருந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறது. அதற்கான விஷத்தை எடுத்துக்கொடுப்பவர்கள் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள். 1978 முதல் அவர்களுக்கென்று ஒரு கூட்டுறவுச் சங்கமே உண்டு. அப்படியிருந்தும் இந்தியாவில் வருஷத்துக்குச் சுமார் 58,000 பேர் பாம்புக்கடியால் இறக்கிறார்கள் என்று 2020-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. நேரத்தை வீணாக்குவது இதற்கு ஒரு பெரிய காரணம்.

சகோதரிகளே, சார் சொன்னதை நான் அடுக்களைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். நீங்களும் எழுதிக்கொள்ளுங்கள். கடிபட்டவரை நடக்க விடாதீர்கள், பதறவிடாதீர்கள். வீக்கம் வருமுன் வளையல், மோதிரம், கொலுசைக் கழற்றுங்கள். எலும்பு முறிந்தால் செய்வதுபோல் கையையோ காலையோ அசையாமல் வையுங்கள். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது கூடவே கூடாது. பாம்பைத் தேடிக்கொண்டு நிற்காமல் 108-க்குச் சொல்லி நேரே ஆஸ்பத்திரி. மந்திரம், பச்சிலை என்று வழியில் இறங்க வேண்டாம்.

இன்னொன்று. கட்டுவிரியன் இரவில் நடமாடும். தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும். வலியும் தெரியாது, பல் பதிந்ததும் தெரியாது. விடியற்காலையில் குழந்தை வயிற்றுவலி என்று அழுது, கண் இமையும் சொருகினால் ஓமவாட்டரோடு நிறுத்திவிடாதீர்கள். உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். கட்டிலில் படுப்பதும், கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகுவதும் நல்ல காவல்.

திரும்பும்போது குமாரகோவில் சாலையில் சார் சிரித்துக்கொண்டே சொன்னார். "வள்ளி தினப்புனத்துல கிளி ஓட்டுன மல இது. ஓட்டத்தானே செஞ்சா? கொல்லல்லியே!"

மறு ஞாயிறு எங்களைத் தேரூர்க் குளத்துக்கும் அழைத்துப் போனார். தாமரைக்கு நடுவே நாமக்கோழி, கூழைக்கடா, நாரை... மத்திய ஆசியாவிலிருந்து பனிக்காலத்துக்கு வரும் ஊசிவால் வாத்துகள் வேறு! சுசீந்திரம்–தேரூர்க் குளங்களும் வேம்பனூரும் 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. உலகம் மதிக்கும் நீர்நிலைகள் என்பதற்கான அங்கீகாரம் அது. கரையில் பிளாஸ்டிக் பை கிடந்ததையும் பார்த்தோம். பிள்ளைகள் ஒரு சாக்கு நிறையப் பொறுக்கினார்கள்.

இனி நடந்ததைச் சொல்ல வேண்டும். போன வருஷம் கார்த்திகையில் ஒரு சாயங்காலம். மாமி கொதும்பு எடுக்க அதே விறகுப் புரைக்குப் போனார். கை நீட்டும்போது 'உஸ்ஸ்ஸ்' என்று சத்தம். அடுக்களையில் நின்ற எனக்குக் குக்கர் சத்தம் மாதிரிதான் கேட்டது. "ஆச்சி, கைய எடுங்கோ! பின்னால வாங்கோ!" என்று என் மகன் கத்தினான். கண்ணாடி விரியன் அப்படித்தான் சீறும் என்று உதயகிரியில் கேட்டதை அவன் மறக்கவில்லை. நான் இந்தத் தடவை கூச்சல் போடவில்லை. எல்லாரும் தள்ளி நின்றோம். தீயணைப்பு நிலையத்துக்கு போன் போட்டேன். கம்பெடுத்து வந்த பக்கத்து வீட்டுக்காரரைத் தடுத்தது என் மகன்தான். "மாமா, அடிக்கப் போனாத்தான் கடிக்கும். அவங்க வரட்டும்."

வந்தவர்கள் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். சங்கிலி மாதிரி முதுகெல்லாம் வட்டம். அது கண்ணாடி விரியனேதான். மாமி திண்ணையில் உட்கார்ந்து அரைமணி நேரம் பேசவில்லை. பிறகு பேரனை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அந்தச் சாரை உயிரோடு இருந்திருந்தால் புரையில் எலி பெருகியிருக்காது, விரியனும் வந்திருக்காதோ என்று இன்றும் நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியாது. விறகை இப்போது சுவரைவிட்டுத் தள்ளி, பலகைமேல் அடுக்குகிறேன். கோழித் தீனியை மூடி வைக்கிறேன். இரவில் டார்ச் இல்லாமல் யாரும் முற்றத்தில் இறங்குவதில்லை. மகன் இறங்குகிறான், டார்ச்சோடு.

பத்மநாபபுரம் போக நினைப்பவர்கள் திங்கட்கிழமையைத் தவிருங்கள். அன்று அரண்மனைக்கு விடுமுறை. நாகர்கோவில்–திருவனந்தபுரம் பஸ்ஸில் ஏறித் தக்கலையில் இறங்க வேண்டும். ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். கோட்டைச் சுவரோரம் பிள்ளைகளோடு பதினைந்து நிமிஷம் பேசாமல் நின்று பாருங்கள். கையில் ஒரு நோட்டும் பென்சிலும் இருந்தால் போதும்.