மேடையில் சொன்ன விலை

வணிகன் சொல்லும் சொல் இருமுறை அளக்கப்படுகின்றது. சொல்பவன் அதனை இலாபத்தால் அளக்கின்றான். கேட்பவனோ தன் பணப்பையாலும், அதனினும் மேலாகத் தன் மானத்தாலும் அளக்கின்றான். இவ்விரு அளவைகளும் நேருக்கு நேர் சந்தித்த இடங்களுள் ஒன்று, அமெரிக்காவில், பெரும்பாலும் லாஸ் ஏஞ்சலஸ் நகரில், நடைபெற்று வந்த இ-3 எனும் வீடியோ விளையாட்டு வணிகக் கண்காட்சி.

அக்கண்காட்சி முதன்முதலாகக் கூடியது 1995ஆம் ஆண்டு மே மாதத்தில். சேகா நிறுவனத்தின் அமெரிக்கக் கிளைத் தலைவர் டாம் கலின்ஸ்கி மேடையேறினார். செப்டம்பரில் வரவிருந்த சாட்டர்ன் கருவி இப்போதே கடைகளுக்கு வந்துவிட்டது என்றும், அதன் விலை 399 அமெரிக்க வெள்ளி என்றும் அறிவித்தார். போட்டியாளரை முந்திவிட வேண்டும் என்பதே அந்நிறுவனத்தின் கணக்கு. அதே நாளில் சோனி நிறுவனத்தின் ஸ்டீவ் ரேஸ் மேடைக்கு வந்தார், ‘299’ என்றார், இறங்கிச் சென்றார். பிளேஸ்டேஷன் கருவியின் விலை அது. அரங்கம் கையொலியால் அதிர்ந்தது. நெடிய உரைகளை ஓர் எண் வென்றது.

எனினும், விலை மட்டுமா சேகாவைத் தோற்கடித்தது? அன்று சரக்குப் பெற்றவை நான்கு விற்பனை நிறுவனங்களே. மற்றக் கடைக்காரர்கள், விருந்து முடிந்தபின் செய்தி கேட்ட உறவினர்போல் மனம் புண்பட்டனர். செப்டம்பரை நம்பி விளையாட்டுகளை உருவாக்கிக் கொண்டிருந்த பிற நிறுவனத்தாரும் திகைத்தனர். 2001இல் சேகா கருவி செய்யும் தொழிலையே கைவிட்டது. அவ்வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. உடன் நின்றோரிடம் சொல்லாமல் செய்த அந்த அவசரமும் அவற்றுள் ஒன்று.

வென்றவருக்கும் பாடம் காத்திருந்தது. 2006ஆம் ஆண்டு அதே கண்காட்சியை ஒட்டிப் பிளேஸ்டேஷன் 3இன் விலையைச் சோனி அறிவித்தது: ஒன்று 499, மற்றொன்று 599 வெள்ளி. முன்னர்க் கை தட்டிய மக்களே இப்போது எள்ளி நகைத்தனர். பழைய வெற்றியைப் புதிய விலைக்கு ஈடாக எவரும் ஏற்கவில்லை.

2013இல் எழுந்த வினாவோ விலையினும் ஆழமானது. மைக்ரோசாப்ட் தன் எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவியை 24 மணி நேரத்திற்கு ஒருமுறையேனும் இணையத்தோடு இணைக்க வேண்டும் என்றும், வாங்கிய விளையாட்டைப் பிறருக்குக் கொடுப்பதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு என்றும் கூறியிருந்தது. ஒரு கதைப் புத்தகத்தை வாங்கிய சிறுவன், படித்து முடித்ததும் பக்கத்து வீட்டுத் தோழனிடம் கொடுக்கின்றான். அதற்கு அச்சகத்தாரின் இசைவை அவன் கேட்பதில்லை. விளையாட்டு வட்டுக்கு மட்டும் அவ்வுரிமை ஏன் இல்லை என்பதே மக்கள் எழுப்பிய வினா. தன் கருவியில் அத்தகைய தடை இல்லை என்று சோனி அறிவித்தபோது கூட்டத்தார் ஆரவாரித்தனர். பத்து நாள்கள்கூட நிறைவுறவில்லை. ஜூன் 19ஆம் நாள் மைக்ரோசாப்ட் தன் திட்டத்தைத் திரும்பப் பெற்றது. பொருள் தன்னுடையது என்னும் எளியவனின் உணர்வு, பெருநிறுவனத்தின் முடிவையே மாற்றியது.

2023 டிசம்பரில் அக்கண்காட்சி நிரந்தரமாக முடிவுற்றதாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பே பல நிறுவனங்கள், பதிவு செய்த படக்காட்சி வழியாகத் தம் செய்திகளை நேரே வீடுகளுக்கு அனுப்பத் தொடங்கிவிட்டன. அதில் செலவு குறைவு. மேடையில் தடுமாறும் அச்சமும் இல்லை. ஆயினும், சொல் விழுந்த மறுகணமே எழும் மௌனத்தையும் முணுமுணுப்பையும் ஆரவாரத்தையும் அங்கே சொல்பவன் கேட்பதில்லை. வகுப்பறையில் நிற்கும் ஆசிரியருக்கு இவ்விழப்பின் அளவு நன்கு புரியும். மாணவரின் முகம் பார்த்துத்தானே அவர் தம் அடுத்த சொல்லைத் தேர்கின்றார்!