ஏறாத வண்டி

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அக்கா எட்டாவதோடு நின்றுவிட்டாள். அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அவ்வளவுதான். நான் ஆட்டோமொபைல் பிரிவில் சேர்ந்த அன்றே தெருவில் ‘இன்ஜினியர்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். டிப்ளமோ வேறு, இன்ஜினியர் வேறு என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்!

அப்பாவிடம் 1998-ஆம் வருட மாருதி ஆம்னி வேன் ஒன்று உண்டு. மூன்றாவது கை. 796 சி.சி., மூன்று சிலிண்டர், கார்புரேட்டர் வண்டி. இன்ஜின் முன் சீட்டுக்கு அடியிலேயே இருப்பதால், ஓட்டுகிறவருக்கு வருடம் முழுக்கச் சித்திரைதான். திண்டுக்கல்லில் இருந்து சிறுமலைக் கடைகளுக்கு மளிகைச் சாமான் ஏற்றிப் போவார், இறங்கும்போது வாழைத்தார். போகிற வழியில் 18 கொண்டை ஊசி வளைவுகள். எங்கள் வீட்டு அடுப்பும் என் பரீட்சைக் கட்டணமும் அந்த வளைவுகளை நம்பித்தான்.

போன ஆடியில் வண்டி ஏற மறுத்தது. சமதரையில் ஒழுங்காக ஓடும். நியூட்ரலில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் சிங்கம் மாதிரி உறுமும். மலையில் மட்டும் பிக்-அப் இல்லை. இரண்டாவது கியரில் ஏறிய இடத்தில் முதல் கியர் போட்டும் முக்கியது.

“படிக்கிற பிள்ளை வீட்ல இருக்கும்போது வெளியில எதுக்குப்பா காட்டணும்?” என்று நான்தான் முன்னால் நின்றேன். கார்புரேட்டரைக் கழற்றி ஜெட்டுகளை ஊதிச் சுத்தம் செய்தேன். புது பிளக் மூன்று, புது ஏர் ஃபில்டர். மொத்தம் 900 ரூபாய். பஸ் ஸ்டாண்டு வரை ஓட்டிப் பார்த்தேன், பறந்தது! (அது சமதரை என்பது அப்போது உறைக்கவில்லை.) மறுநாள் நான்காவது வளைவிலேயே நின்றுவிட்டது. அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு மெக்கானிக் அண்ணன் ஒருவரிடம் காட்டினோம். “ரெண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டிருச்சுண்ணே. ரிங்கு போச்சு, போர் அடிக்கணும். 25,000 ஆகும்” என்றார். ரிங் போயிருந்தால் நீலப் புகை வரணுமே, ஆயில் குறையணுமே என்று மனசுக்குள் ஓடியது. 900 ரூபாயை விட்டவன் எந்த முகத்தோடு வாயைத் திறப்பது? அன்று இரவு அம்மா தோட்டைக் கழற்றிச் சாமி படத்துக்குக் கீழே வைத்தார். திங்கட்கிழமை அடகுக் கடைக்குப் போவதாகப் பேச்சு.

வெள்ளிக்கிழமை எங்கள் ஒர்க்‌ஷாப் சாரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். “நாளைக்கு வண்டியக் கொண்டுவா” என்றார்.

சனிக்கிழமை முதல் வேலை கம்ப்ரஷன் சோதனை. இன்ஜின் சூடாக இருக்கும்போதே மூன்று பிளக்கையும் கழற்றி, காயில் வயரைப் பிடுங்கிவிட்டு, ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்றவிட வேண்டும். கேஜ் 165, 160, 165 என்று காட்டியது. ரிங் போன இன்ஜின் இப்படி நிற்காது. போர் அடிக்க வேண்டியதில்லை! எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாரோ அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

“ஓட்டுறவர்கிட்ட என்ன கேட்ட?”

நான் முழித்தேன். அப்பா ஒர்க்‌ஷாப்புக்குள் வரவே இல்லை. வெளியே வேப்பமரத்தடியில் செருப்பைக் கழற்றிவிட்டு, துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். சார் தானே போய்க் கூட்டி வந்து கேட்டார்.

“பத்து நிமிஷம் நிறுத்தி எடுத்தா ஒரு வளைவு, ரெண்டு வளைவு நல்லா ஏறும் சார். அப்புறம் அமுங்கிரும். மிதிக்க மிதிக்க இன்னும் அமுங்கும். காலை எடுத்தா கொஞ்சம் சமாளிக்கும்.”

“இத ஏம்ப்பா எங்கிட்ட சொல்லல?”

“நீ கேக்கலையேப்பா. படிக்கிற புள்ளைக்குத் தெரியாததா நான் சொல்லப் போறேன்னு இருந்துட்டேன்.”

சார் என்னைப் பார்த்தார். இப்போது எனக்கே புரிந்துவிட்டது. நிறுத்தி வைக்கும்போது கார்புரேட்டரின் மிதவை அறை பெட்ரோலால் நிறைகிறது. அது தீரும் வரை வண்டி ஏறுகிறது. தீரும் வேகத்துக்குப் பின்னாலிருந்து பெட்ரோல் வந்து சேரவில்லை. வண்டிக்கு நோய் இல்லை, பசி!

மணல் வாளியைப் பக்கத்தில் வைத்த பிறகுதான் சார் பெட்ரோல் டியூபைத் தொடவிட்டார். கார்புரேட்டருக்குப் போகும் டியூபைப் பாட்டிலில் விட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றினோம். நூல் மாதிரி, விட்டு விட்டு வந்தது. அடுத்து, பம்ப்பின் உறிஞ்சும் பக்கத்தைத் தனி கேன் பெட்ரோலில் போட்டுச் சுற்றினோம். பீய்ச்சி அடித்தது. அப்படியானால் பம்ப் நல்லது. டேங்குக்கும் பம்ப்புக்கும் நடுவில்தான் அடைப்பு. அங்கிருந்த ரப்பர் டியூப் வெளியே பார்க்கப் பளபளவென்று இருந்தது. நறுக்கிப் பார்த்தால் உள்சுவர் ஊறி, வெங்காயத் தோல் மாதிரி உரிந்து கிடந்தது. பம்ப் உறிஞ்சும்போதெல்லாம் அந்தத் தோல் வழியை அடைத்திருக்கிறது. 2023-லிருந்து படிப்படியாக 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்திருக்கிறதே, பழைய ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதில்லை. இதைக் கெடுத்தது எத்தனாலா, 27 வருட வயசா என்று சார் அடித்துச் சொல்லவில்லை.

எத்தனால் தாங்கும் புது டியூப்பும் இரண்டு கிளிப்பும் 240 ரூபாய்.

திங்கட்கிழமை விடிகாலை, அடகுக் கடைக்குப் போகவேண்டிய நாளில், அரிசி மூட்டைகளோடு நானும் ஏறிக்கொண்டேன். வளைவுகளை விரல் விட்டு எண்ணினேன். நான்கு தாண்டியது. எட்டு தாண்டியது. பதினொன்றில் அப்பா வண்டியை ஓரம் கட்டினார். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது.

“என்னப்பா ஆச்சு?”

“ஒண்ணுமில்லடா. இங்க நிறுத்தி நிறுத்திப் பழகிருச்சு” என்று சிரித்துவிட்டு மறுபடி கியரைப் போட்டார்.

அந்த 900 ரூபாயைப் பற்றி மட்டும் அவர் இன்று வரை கேட்கவில்லை.

– இரண்டாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு