எட்ட நின்று பார்ப்போம்

நயினாதீவுக்கும் புளியந்தீவுக்கும் இடையே கடலுக்குள் இரண்டு கற்கள் இருக்கின்றன. ஒன்று பாம்பு சுற்றிய கல், மற்றது கருடன் கல். நயினை அம்மனுக்குப் பூக் கொண்டு நீந்திவந்த நாகத்தைக் கருடன் மறித்தது. நாகம் ஒரு கல்லைச் சுற்றிக்கொள்ள, கருடன் எதிர்க் கல்லில் காத்திருந்தது. அவ்வழியே மரக்கலத்தில் வந்த மாணிக்கன் என்னும் வணிகர் தம் செல்வத்தைக் கொடுத்து நாகத்தைக் காத்தார் என்பது ஐதிகம். தீவுப் பிள்ளைகள் எல்லோரும் கேட்டு வளர்ந்த கதை இது. ஆனால் பசியோடு திரும்பிப் பறந்த கருடனைப் பற்றி நாங்கள் கேட்டதில்லை. அதற்கும் ஒரு கூடு இருந்திருக்கும், அதில் குஞ்சு வாய் திறந்து காத்திருந்திருக்கும் என்ற நினைப்பு எனக்கு வந்தது, சிட்னியில் ஒரு மரத்தில் பொருத்தியிருக்கும் கமராவைப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான்.

2000 ஆம் ஆண்டு ஒலிம்பிக் நடந்த சிட்னி ஒலிம்பிக் பூங்காவுக்குள் ஒரு சிறிய காடு இருக்கிறது. அங்கே ஓர் உயர்ந்த யூகலிப்டஸ் மரத்தில் வெள்ளை வயிற்றுக் கடற்கழுகுச் சோடி ஒன்று கூடு வைத்திருக்கிறது. பேர்ட்லைஃப் ஆஸ்திரேலியா அமைப்பின் தொண்டர்கள் அந்தக் கூட்டை இரவும் பகலும் நேரலையில் காட்டுகிறார்கள். பூங்காவை ஒட்டிய ஹோம்புஷ் எங்கள் சனம் நிறைய வாழும் இடம். என் அக்கா குடும்பமும் அங்கேதான். ஆனி மாதத்தில் நயினை அம்மன் திருவிழாவை அக்கா அங்கிருந்து நேரலையில் பார்ப்பார். அதே நாட்களில் முட்டையில் அமர்ந்திருக்கும் அவர் ஊர்க் கழுகை நான் இங்கே தீவிலிருந்து பார்ப்பேன்.

அந்தக் கழுகு எனக்குப் புதிய பறவை அன்று. ஊர்காவற்துறைக் கடலுக்கு மேலும் நெடுந்தீவுப் பாதையிலும் சிறகை மேல்நோக்கி விரித்து மிதந்துவரும் அதே இனம். தலையும் வயிறும் தூய வெள்ளை, முதுகு சாம்பல், விரித்த சிறகு ஏறக்குறைய இரண்டு மீற்றர். ஊரார் கருடன் என்று கையெடுப்பது செம்பருந்தை. ஆனால் கடற்பாம்பையும் தூக்கிச் சென்று உண்பதற்குப் பேர் பெற்றது இந்தப் பெரிய பறவைதான். மீன் பிடிக்கும் களங்கட்டித் தடிகளுக்கு மேலாக அது பறந்து போகும்போது அண்ணாந்து பார்த்ததோடு எங்கள் உறவு முடிந்திருந்தது. அது எங்கே போகிறது, யாருக்காக மீனைத் தூக்குகிறது என்பதைக் கமராதான் காட்டியது.

பெரும்பாலும் இரண்டு முட்டை. ஏறக்குறைய ஆறு கிழமை அடைகாக்க வேண்டும். பெண் பறவையே பெரியது, கூடுதலான நேரம் அதுதான் அமர்ந்திருக்கும். ஆண் மீன் கொண்டுவரும், இடைக்கிடை தானும் முட்டையில் அமரும். குஞ்சு பொரித்த பிறகு, பெரிய மீனையும் பிய்த்துவிடும் அந்த வளைந்த அலகின் நுனியில் அரிசியளவு சதையை எடுத்து, தலையைச் சரித்து, குஞ்சின் வாயில் வைக்கும். கூட்டுக்குப் பச்சை இலை கொண்டுவந்து பரப்பும். மழை பெய்தால் குஞ்சுகளை மூடிச் சிறகு விரித்து நனையும்.

எல்லாமே இனிமையாக இருக்காது. "தம்பி, மூத்தது சின்னனைக் கொத்திக் கொத்தித் தள்ளுது. பாக்கேலாமல் கிடக்கு" என்று அக்கா ஒருமுறை தொலைபேசியில் கலங்கினார். ஏறிப் போய்ச் சின்னக் குஞ்சுக்கு ஒரு துண்டு மீன் கொடுத்தால் என்ன என்று எனக்கும் தோன்றியது. ஏறக்கூடாது. மனிதர் நெருங்கினால் கடற்கழுகு முட்டையையும் குஞ்சையும் கைவிட்டுப் போய்விடக்கூடும். உதவப் போன கையே கூட்டை அழித்துவிடும்.

இந்தப் பொறுமையை உலகத்துக்கே கற்பித்தவை அமெரிக்காவின் வெண்தலைக் கழுகுகள். எங்கள் கடற்கழுகின் நெருங்கிய இனம் அவை. கலிபோர்னியாவின் பிக் பேர் மலையில், 145 அடி உயரப் பைன் மரக் கூட்டில் வாழும் ஜாக்கி, ஷேடோ என்ற சோடியை இலட்சக்கணக்கானோர் பார்க்கிறார்கள். 2024 இல் ஜாக்கி மூன்று முட்டை இட்டது. இரண்டு கழுகும் பனியில் மாறி மாறி அமர்ந்தன, நாள் கடந்தும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒன்றும் பொரிக்கவில்லை. 2025 மார்ச்சில் மூன்று குஞ்சு வந்தன. பனிப்புயலில் ஒன்று இறந்தது, மற்ற இரண்டும் ஜூனில் பறந்தன. துக்கத்திலும் மகிழ்ச்சியிலும் ஒருவரும் மரமேறவில்லை.

தள்ளி நிற்பது வேறு, கைகட்டி நிற்பது வேறு. 1963 இல் அலாஸ்கா, ஹவாய் தவிர்ந்த அமெரிக்கா முழுவதிலும் 417 வெண்தலைக் கழுகுச் சோடிகளே எஞ்சியிருந்தன. வயலில் தெளித்த டிடிரி என்னும் பூச்சிநாசினி மீனுக்குள் போய், மீனிலிருந்து கழுகுக்குப் போய், முட்டை ஓட்டை மெலிதாக்கியது. அடைகாத்த தாயின் பாரத்திலேயே முட்டை நொறுங்கியது. 1972 இல் அந்த நஞ்சைத் தடைசெய்தார்கள். 2007 இல் கழுகு ஆபத்துப் பட்டியலிலிருந்தே நீங்கியது. முட்டையைக் காத்ததில் முதன்மையானது நஞ்சை நிறுத்தியதுதான். சிட்னித் துறைமுகத்திலும் டயொக்சின் நஞ்சு படிந்ததால் 2006 இல் தொழில்முறை மீன்பிடியை நிறுத்தினார்கள். கழுகுக்கு அந்தத் தடை தெரியாது. அது அங்கேதான் மீன் பிடிக்கிறது. கழுகின் உடம்பு கடலின் நிலையைச் சொல்லும் சாட்சி.

எங்கள் கடலுக்கும் அதுவே சாட்சி. கிழிந்த தங்கூசி வலையைக் கரையில் வீசுகிறோம். மீனோடு அந்தத் தங்கூசி நரம்பும் கூட்டுக்குப் போனால் குஞ்சின் காலில் சுற்றும். கடற்கழுகு ஒரே கூட்டை ஆண்டுக்காண்டு தடி சேர்த்துப் பெரிதாக்கும். அதைத் தாங்க உயர்ந்து பருத்த மரம் வேண்டும். தீவுகளில் அப்படியான மரம் கொஞ்சம். ஆள் இல்லாத வளவுகளிலும் கோயில் வீதிகளிலும் நிற்கும் ஆலமரத்தையும் புளியமரத்தையும் காணி துப்புரவு என்று தறித்தால் மாற்றிடம் கிடையாது.

2024 மார்ச்சில் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் இந்திய உதவியோடு சூரிய, காற்று மின்சாரம் அமைக்க ஒப்பந்தம் கைச்சாத்தானது. தீவுக்கு மின்சாரம் வேண்டும், அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் நோர்வேயின் ஸ்மோலா தீவில் வெண்வால் கழுகுகள் பல காற்றாலை இறக்கைகளில் அடிபட்டு இறந்தன. அங்கே நான்கு காற்றாலைகள் ஒவ்வொன்றிலும் ஓர் இறக்கைக்கு மட்டும் கறுப்பு வர்ணம் பூசினார்கள். அவற்றில் பறவைச் சாவு ஏறக்குறைய 70 விழுக்காடு குறைந்தது. எங்கள் காற்றாலைகள் சிறியவைதான். ஆனாலும் தூண் நடுமுன் கூடு எங்கே என்று பார்ப்பதற்கும், ஓர் இறக்கைக்கு வர்ணம் பூசுவதற்கும் பெரிய செலவு இல்லை.

தீவில் உள்ளவர்களிடமும் புலம்பெயர்ந்த உறவுகளிடமும் கேட்பது இதுதான். உங்கள் வளவில் பெரிய தடிக்கூடு இருந்தால் அந்த மரத்தை விட்டுவிடுங்கள். விடுமுறைக்கு வந்து ட்ரோன் பறக்கவிடும் பிள்ளைகளுக்குக் கூட்டுப் பக்கம் போகவேண்டாம் என்று சொல்லுங்கள். கூட்டைப் படமெடுத்தால் இடத்தின் பெயரைப் போடாதீர்கள். அறுந்த தங்கூசியைச் சுருட்டிக் கரையிலிருந்து அகற்றுங்கள். கோயில்களுக்குக் கோபுரம் கட்டப் பணம் அனுப்பும் ஊர்ச் சங்கங்கள், பறவை அறிந்தவர்களின் துணையோடு, கூடு கட்டாத காலம் பார்த்து, இங்கும் ஒரு கமரா பொருத்தலாம். எங்கள் பிள்ளைகள் தங்கள் கடலின் கழுகைத் தங்கள் தீவிலேயே பார்க்கட்டும். மாணிக்கன் நாகத்தைக் காத்தார். கருடனைக் காப்பது எங்கள் பொறுப்பு.