கழுகு சுத்துற இடம்

கிளைடரில் ஏறிப் பறப்பதற்கு முன்னால் அதைத் தள்ள வேண்டும். இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

2012 ஜூலை. ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஆறு மாத வேலையாகப் போயிருந்தேன். கூட வேலை பார்த்த ஒருவர் ஞாயிற்றுக்கிழமை தன்னுடைய கிளப்புக்குக் கூட்டிப் போனார். ஃபுல்டா நகரத்துக்குப் பக்கம், ரோன் மலைப்பகுதி. புல்வெளிதான் ஓடுதளம். அங்கே வெள்ளை வெளேரென்று நின்றிருந்தது ஏ.எஸ்.கே. 21. எஞ்சின் கிடையாது. இறக்கை இந்த முனைக்கும் அந்த முனைக்கும் 17 மீட்டர். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் உட்காரலாம். 1979-ல் முதலில் பறந்த மாடல். அதே மலையடிவாரத்தில் செய்தது.

எல்லோரும் தள்ளினார்கள். ஒரு டாக்டர் அம்மா டிராக்டர் ஓட்டிக்கொண்டு போய் வின்ச் கயிற்றை இழுத்து வந்தார். ஒரு காலேஜ் பையன் நேரத்தை நோட்டில் எழுதினான். கிளைடர் கிளம்பும்போது இறக்கை நுனியைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு கூடவே ஓடுவது ஒரு வேலை. அதை என்னிடம் கொடுத்தார்கள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "தொடலாமா?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. நாற்பத்தாறு வயது, கல்லூரி வாத்தியார், எத்தனையோ மேடையில் பேசியவன். அவர்களுக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. "தொடாமல் எப்படிப் பிடிப்பீர்கள்?" என்றார்கள்.

பறக்கக் கற்றுக்கொடுப்பவர் வாரநாட்களில் வீடுகளுக்குச் சூட்டுக் குழாய் பொருத்துகிறவர். சார் என்றேன், வேண்டாம் என்றார். என் மார்பிலும் இடுப்பிலும் குனிந்து பெல்ட்டை அவரே மாட்டினார். கண்ணாடி மூடிக்கு வெளியே, என் மூக்குக்கு நேராக, ஒரு துண்டு கம்பளி நூலை டேப் போட்டு ஒட்டியிருந்தது. விமானம் கோணலாகப் போனால் நூல் ஒரு பக்கம் சாயும். நேராகப் போனால் நூலும் நேராக நிற்கும். அதைப் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும் என்றார். (நூலைப் பார்த்து நடந்துகொள் என்று சொன்னவர்கள் எங்கள் பக்கம் நிறைய உண்டு. நான் மதித்த நூல் இது ஒன்றுதான்.)

வின்ச் இழுத்ததும் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. மூக்கு வானத்தைப் பார்த்து நின்றது. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, 400 மீட்டர். தடக்கென்று கயிறு கழன்றது. அதற்குப் பிறகு காற்றுச் சத்தம் மட்டும்.

"வலது பக்கம் பாருங்கள், இரண்டு பருந்து சுற்றுகிறது. அங்கே போவோம்" என்றார். வெயிலில் உழுத நிலம் சூடாகும், அதன் மேல் காற்று சூடாகி மேலே எழும்பும், பருந்து இறக்கையை அடிக்காமலே அதில் ஏறும், நாமும் ஏறலாம் என்று விளக்கினார். உள்ளே நுழைந்ததும் யாரோ அடியில் கை கொடுத்துத் தூக்குவதுபோல் இருந்தது. ஏற்றத்தைக் காட்டும் கருவி பீப் பீப் என்று கத்தியது.

எனக்கு இது தெரியும். எங்கள் ஊர் ஆம்பூர்ப் பக்கம். தாத்தா செத்த மாடு உரிக்கிறவர். தோல் ஷாப்புக்குப் போகும், கறி எங்களுக்கு. ஊரிலிருந்து ஆள் வந்து கத்துவதற்கு முன்பே அவர் வானத்தைப் பார்ப்பார். பொணந்தின்னிக் கழுகு சுத்தும். நான் கத்தியை எடுக்க ஓடுவேன். "இர்றா. சுத்திக்கினே மேல போனா ஒண்ணுமில்ல, காத்துக்குப் போவுது. சுத்திக்கினே எறங்குதா பாரு. எறங்குனாதான் மாடு உயுந்துகீதுன்னு அர்த்தம்" என்பார். காற்று மேலே போகும் என்பதை அவர் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. வீணாக நாலு மைல் நடக்கக்கூடாது என்பதற்காகத் தெரிந்துகொண்டார்.

"என் தாத்தாவுக்கு இது தெரியும்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

"அப்படியா? அவர் என்ன வேலை செய்தார்?"

"விவசாயி."

எங்கள் ஊரிலிருந்து ஏழாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், தரையிலிருந்து 800 மீட்டர் உயரத்தில், சாதி என்ற வார்த்தையே தெரியாத ஒரு குழாய்க்காரரிடம் பொய் சொன்னேன்.

அடுத்த வாரம் வாஸர்குப்பே மலைக்குப் போனேன். 950 மீட்டர் உயரம். முதல் உலகப் போருக்குப் பிறகு வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மனியில் எஞ்சின் விமானத்தைக் கட்டுப்படுத்தியதால், 1920-லிருந்து இளைஞர்கள் அங்கே கூடி எஞ்சின் இல்லாமல் பறந்து பழகினார்கள். அவர்களோடு பறந்தவர் ராபர்ட் குரோன்ஃபெல்ட், வியன்னாவில் பிறந்த யூதர். 1929-ல் கிளைடரில் 100 கிலோமீட்டரைத் தாண்டிப் பறந்து காட்டினார். 1933-ல் நாஜிகள் வந்தபின் யூதனுக்கு அங்கே வானம் இல்லையென்று ஆகிவிட்டது. நாட்டை விட்டுப் போனார். 1948-ல் இங்கிலாந்தில் ஒரு சோதனைக் கிளைடர் விழுந்து செத்துப்போனார். காற்றுக்குத் தீட்டு இல்லை என்று எழுதிக்கொண்டு திரும்பலாம் என நினைத்துப் போனவன் அந்த வரியை எழுதவில்லை.

மறுபடி கிளப்புக்குப் போனபோது "லூப் அடிக்கலாமா?" என்றார். முதுகில் பாராசூட் கட்டினார்கள். இந்த முறை எஞ்சின் விமானம் எங்களை 1200 மீட்டருக்கு இழுத்துப் போய் விட்டது. மூக்கைக் கீழே சாய்த்தார். 180 கிலோமீட்டர் வேகம் வந்ததும் குச்சியை இழுத்தார். உடம்பு மூன்று நான்கு மடங்கு கனத்தது. கன்னம் தொங்கியது, கையைத் தூக்க முடியவில்லை. உச்சிக்குப் போனதும் கனமெல்லாம் போய்விட்டது. எங்கள் செருப்பில் ஒட்டி வந்த மண் தரையிலிருந்து கிளம்பி என் முகத்துக்கு முன்னால் மிதந்தது. தலைக்கு மேலே வயல், மாதாகோயில், ரோடு. காலுக்குக் கீழே வானம். சிரித்தேன் என்று நினைக்கிறேன். இரண்டாவது லூப்பில் வயிறு புரண்டது. மூன்றாவதில் வாந்தி. பைக்குள் பாதி, வெளியே பாதி.

இறங்கியதும் அவர் வாளியும் துணியும் எடுத்துவந்து குனிந்து துடைத்தார். நான் பதறிப்போய்ப் பிடுங்கினேன். "நான் செய்கிறேன், அது என் வேலை." "உங்கள் வேலை உட்கார்ந்து தண்ணீர் குடிப்பது" என்றார். அடுத்தவர் அழுக்கை எடுக்கத்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது. என் அழுக்கை இன்னொருவர் எடுப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார எனக்குத் தெரியவில்லை. எழுந்து எழுந்து உட்கார்ந்தேன்.

சாயந்திரம் இறக்கையின் முன்விளிம்பில் அப்பிய பூச்சிகளை ஈரப் பஞ்சால் கழுவ வேண்டும். அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அப்போது சொன்னேன். தாத்தா விவசாயி இல்லை. செத்த மாட்டைத் தூக்குகிறவர். அதனால்தான் எங்களை ஊருக்கு வெளியே வைத்தார்கள். கழுகு ஏறினால் காற்று, இறங்கினால் மாடு. எல்லாம் சொன்னேன். என் இங்கிலீஷ் தடுமாறியது.

அவர் பஞ்சைப் பிழிந்துகொண்டே கொஞ்ச நேரம் யோசித்தார். "ஒரே காற்றில் பல கிளைடர் ஏறினால், முதலில் வந்தவர் சுற்றும் பக்கம்தான் மற்றவர்களும் சுற்ற வேண்டும். அது எங்கள் சட்டம். கழுகுகளும் அப்படியா? தாத்தா ஏதாவது சொன்னாரா?"

தெரியவில்லை. நான் கவனித்ததில்லை. இனி எங்கள் ஊரில் பார்க்கவும் முடியாது. மாட்டுக்கு வலிக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் மருந்து, செத்த மாட்டின் உடம்பில் தங்கி, தின்ற கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 1990-களில் நாடு முழுக்கக் கழுகுகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. 2006-ல் அரசாங்கம் மாட்டுக்கு அந்த மருந்தைத் தடை செய்தது. தமிழ்நாட்டில் நீலகிரி, மோயாற்றுப் பக்கம்தான் மிச்சம் கொஞ்சம் இருக்கின்றன. தாத்தா அதற்கெல்லாம் முன்னாலேயே 1983-ல் போய்விட்டார்.

ராத்திரி நைனாவுக்குப் போன் போட்டேன். லூப் அடித்ததைச் சொன்னேன், "விழுந்து கிழுந்து வெச்சிடாத" என்றார். தாத்தாவைப் பற்றிச் சொன்னதைச் சொன்னேன்.

"அதப் போயி வெள்ளக்காரன்கிட்ட சொன்னியா?" கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "இன்னா சொன்னான்?"

"கழுகுங்க எல்லாம் ஒரே பக்கமாத்தான் சுத்துமான்னு கேட்டாரு, நைனா."

"அத்த உங்க தாத்தனத்தான் கேக்கணும்" என்றார். பிறகு, "இரு, யோசிச்சிச் சொல்றேன்" என்று போனை வைத்தார்.