கழுத்துக்கு ஏற்ற உயரம்

கார்பால் ஃபுக்சின் சாயத்தின் வாசனை வந்தால் போதும், சளிப் பரிசோதனைக் கூடத்து அக்கா நினைவுக்கு வந்துவிடுவார். மைக்ராஸ்கோப்பில் குனிந்திருக்கும் அவரைப் பின்னாலிருந்து பார்த்தால் தலை தெரியாது. வளைந்த முதுகும் தொங்கிய கழுத்தும்தான் தெரியும். குட்டை, நெட்டை எல்லோருக்கும் ஒரே மேஜை, ஒரே ஸ்டூல். ஒரு ஸ்லைடில் காசநோய்க் கிருமி இல்லை என்று எழுத 100 ஃபீல்டு, அதாவது லென்ஸில் ஒரே பார்வையில் தெரியும் வட்டங்கள் 100, பார்த்தாக வேண்டும். ஒரு கை ஸ்லைடை நகர்த்தும், மறு கை ஃபோகஸைத் திருகும். முழங்கை இரண்டும் அந்தரத்தில் நிற்கும்.

1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில் கொசுவை அறுத்து மலேரியாக் கிருமியைத் தேடிய ரொனால்டு ராஸ், தன் வியர்வையிலேயே மைக்ராஸ்கோப்பின் திருகுகள் துருப்பிடித்ததாக எழுதியிருக்கிறார். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவர் கழுத்தைப் பற்றித்தான் கவலை.

கழுத்தைப் போலத்தான் கட்டைவிரலும். முன்பெல்லாம் திரவத்தை அளந்தெடுக்கும் பிப்பெட்டை வாயால் உறிஞ்சுவார்கள். 1957 வாக்கில் ஜெர்மனியின் மார்பர்க்கில் ஹைன்ரிச் ஷ்னிட்கர் பிஸ்டன் வைத்த பிப்பெட்டைச் செய்தார். கிருமி வாய்க்குள் போகும் ஆபத்து நீங்கியது. பாரம் கட்டைவிரலில் இறங்கியது. உறிஞ்ச ஒரு அழுத்து, விட ஒரு அழுத்து, டிப்பைக் கழற்ற இன்னொரு அழுத்து. எங்கள் பயோகெமிஸ்ட்ரி தம்பி மத்தியானம் டிபன் பாக்ஸை இடது கையால்தான் திறப்பான்.

அக்காவின் கழுத்து வலிக்கு வழி சொன்னது ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண். "நீங்க குனியாதீங்கக்கா, அதைத் தூக்கி வைங்க" என்றாள். மைக்ராஸ்கோப்புக்கு அடியில் ஆடாத பலகை, காலுக்கு மணை, முழங்கைக்குச் சுருட்டிய துண்டு. ஸ்டூலை மேஜை விளிம்புவரை இழுத்துப் போட்டாள். ஐபீஸ் அக்காவின் கண்ணுக்கு நேராக வந்தது. ஒவ்வொரு ஸ்லைடு முடிந்ததும் எழுந்து, ஜன்னல் வழியே தூரத்தில் பார்க்கவும் பழக்கினாள்.

வலிக்கிற கழுத்து கடைசி ஃபீல்டுகளில் அவசரப்படும். 100 ஃபீல்டில் மொத்தமே 1 முதல் 9 கிருமிகள் தென்பட்டால் ஸ்கேன்ட்டி என்று எண்ணிக்கையோடு எழுதுவார்கள். அந்த ஒன்றிரண்டைக் கண் தவறவிட்டால், நோயாளி நெகட்டிவ் சீட்டோடு வீட்டுக்குப் போவார். நோய் பிள்ளைகளுக்கும் பரவும். ஆகவே மைக்ராஸ்கோப் கேட்டு எழுதும் அதே இண்டென்டில் ஏறி இறங்கும் நாற்காலியையும் கால்மணையையும் சேர்த்து எழுதுங்கள். உட்காருகிறவர் உடம்புக்கு ஏற்ற இருக்கையும் பரிசோதனைக் கருவிதான்.