தவக்காலம் தந்த பாடம்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்

தவக்காலம் என்பது கத்தோலிக்கர்களாகிய எங்களுக்கு நாற்பது நாள் நோன்பு. நாள்காட்டியில் எண்ணிப் பார்க்கும் நண்பர்கள், விபூதிப் புதன் முதல் உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்திய நாள் வரை 46 நாட்கள் வருகிறதே என்று கேட்பார்கள். ஞாயிறு ஆண்டவருடைய நாளாகையால், இடையில் வரும் 6 ஞாயிறுகளும் நோன்புக் கணக்கில் சேருவதில்லை. செபம், தவம், தர்மம் ஆகிய மூன்றும் இக்காலத்தின் கடமைகள்.

சென்ற ஆண்டு விபூதிப் புதனன்று, குருத்தோலைச் சாம்பலை நெற்றியில் பூசிக்கொண்டு வந்த கையோடு ஒரு தீர்மானம் செய்தேன். தர்மம் செய்யக் கையில் காசில்லை. செபத்திலாவது குறை வைக்கலாகாது! காலையில் திருப்பலி, இரவில் 53 மணிச் செபம், வெள்ளிதோறும் கோயிலில் சிலுவைப்பாதை என்று நோட்டில் அட்டவணை எழுதினேன். அன்று பூசையில் வாசிக்கப்பட்ட மத்தேயு நற்செய்தியின் 6ஆம் அதிகாரம், உள்ளறைக்குள் சென்று கதவை அடைத்துச் செபிக்கச் சொல்கிறது. எங்கள் வீட்டில் இருப்பதோ ஒரே அறை. எனவே சுவரைப் பார்த்து உட்கார்ந்து, கண்ணை மூடுவதையே கதவாக்கிக்கொண்டேன்.

என் தாயார் தூத்துக்குடி உப்பளத்தில் கூலி வேலை செய்பவர். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். விடியுமுன்னே போய், வாரிய உப்பைத் தலையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டிவிட்டு வருவார். வெடித்த பாதங்களோடு மாலையில் கோயில்வரை நடக்க அவரால் இயலாது. மூன்றாம் வெள்ளியன்று நான் புறப்படும்போது, "அந்தப் புத்தகத்தை ஒருநாள் எனக்கு வாசிச்சுக் காட்டேன்யா" என்றார். அட்டவணை கெடுகிறதே என்று மனம் சலித்தது. மறுக்க முடியாமல் உட்கார்ந்தேன்.

சிலுவைப்பாதையில் 14 நிலைகள். கோயிலில் வாசிக்கும் வேகத்திலேயே வாசித்துக்கொண்டு போனேன். மூன்றாம் நிலையில் இயேசு முதன்முறை கீழே விழுகிறார்.

"கொஞ்சம் நில்லுய்யா" என்றார் அம்மா. சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "திங்கக்கிழமை நானும் பெட்டியோட வரப்புல விழுந்துட்டேன். பின்னால வந்த புள்ளதான் தூக்கிவிட்டா. அவளுக்காக ஒரு அருள் நிறைந்த மந்திரம் சொல்லு" என்றார்.

முழங்காலில் புண் காய்ந்திருந்தது. திங்கள் முதல் வியாழன்வரை நான்கு இரவுகள், அதே அறையில் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நான் மணி உருட்டியிருக்கிறேன். நான் அடைத்த கதவுக்கு வெளியே நின்றது என் அம்மா!

அன்றிரவு ஐந்தாம் நிலையை நாங்கள் தாண்டவில்லை. சீமோன் சிலுவை சுமக்க வந்த இடத்தில், அந்தப் பெண்ணின் வீட்டாருக்காகவும் என் தேர்வுக்காகவும் அம்மா வேண்டிக்கொண்டார். மீதியை மறுநாள் வாசித்தோம்.

ஆய்வகத்தில் உப்புக் கரைசலைக் கொதிக்கவைத்து அவசரமாக வற்றவைத்தால் பொடிதான் மிஞ்சும். மெல்ல ஆவியாக விட்டால்தான் படிகம் பெரிதாக வளரும். நான் ஏட்டில் படித்ததை, கையெழுத்துப் போடத் தெரியாத என் அம்மா செபத்தில் காட்டித் தந்தார்.

இந்த ஆண்டு நான் அட்டவணை எழுதவில்லை. புத்தகத்தைத் திறக்குமுன், "இன்னைக்குக் கால் எப்படிம்மா இருக்கு?" என்று கேட்கிறேன். என் செபம் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.