குளிர் யாருக்கு?

லேக் கார்டன்ஸில் குளிர்காலம் வந்துவிட்டது என்பதை நாட்காட்டி பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஒருநாள் காலையில் தெருவிலே வில் நாண் தெறிக்கும் ஓசை கேட்கும். ராமபிரானே எழுந்தருளிவிட்டாரோ என்று எட்டிப் பார்த்தால், பஞ்சு கொட்டுகிறவர் தோளில் பெரிய வில்லைச் சாத்திக்கொண்டு போய்க்கொண்டிருப்பார். இங்கே அவருக்குத் 'துனுரி' என்று பெயர். போன வருஷத்து லேப்பைப் பிரித்து, கட்டிப்போன பஞ்சை அடித்து, மறுபடியும் தைத்துக் கொடுப்பார். லேப் என்பது நம் ஊர் மெத்தையின் தம்பி; படுத்துக்கொள்வதற்குப் பதில் போர்த்திக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். துனுரி வந்துபோன சில நாட்களுக்குள் பஜ்பஜ் வண்டியில் மங்கி குல்லாய்கள் தோன்றிவிடும். கண்ணும் மூக்கும் தவிர வேறொன்றும் தெரியாது. எதிரே இருப்பவர் பேராசிரியரா, மீன் வியாபாரியா என்று குரலைக் கேட்டுத்தான் முடிவு செய்யவேண்டும்.

இந்தக் குல்லாயை நான் பரிகாசம் செய்தது கொஞ்சநஞ்சமல்ல. "இங்கே 20 டிகிரிக்கே இமயமலை ஏறுகிறவர்கள் மாதிரி உடுத்துகிறார்கள்" என்று ஊரில் உள்ள நண்பர்களுக்கெல்லாம் செய்தி அனுப்பினேன். மார்கழியில் பனி தலையில் இறங்கிவிடும் என்று துண்டால் முண்டாசு கட்டிக்கொண்டு கோயிலுக்குப் புறப்படும் எங்கள் தாத்தா அப்போது என் நினைவுக்கு வரவில்லை. லேக் மார்க்கெட் பக்கம் இரண்டு மூன்று தலைமுறையாகக் குடியிருக்கும் நம்மவர்களும் இந்த விஷயத்தில் முழு வங்காளிகளே. தீபாவளி கழிந்ததும் மாமிகள் ஸ்வெட்டரின்மேல் சால்வையும் போர்த்திக்கொண்டு காப்பிப்பொடி வாங்க வருவார்கள். "டாண்டா லெகே ஜாபே" (குளிர் தாக்கிவிடும்) என்ற எச்சரிக்கையை அட்சரம் பிசகாமல் வங்காளத்திலேயே சொல்வார்கள்.

ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும். வங்காளிகள் குளிரை வெறுக்கிறவர்கள் அல்லர். குளிர் வந்தால்தான் ஈச்சமரத்துப் பதநீர் இறங்கும். அதைக் காய்ச்சிய நொலேன் குட் என்னும் வெல்லம் சந்தேஷில் ஏறும். வருஷம் முழுவதும் எதிர்பார்த்திருந்த விருந்தாளி வந்ததும் அவர் காலடியிலே பயந்து நடுங்குவது போன்ற பக்தி அது.

என் வம்சப் பெருமையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் திருச்செந்தூருக்குத் தெற்கே கடற்கரையோரம். அங்கே தை மாதத்து விடியற்காலையிலும் வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்கியதாக எனக்கு நினைவில்லை. முதல் வருஷம் இங்கே ஜனவரியில் அலிப்பூர் வானிலை நிலையத்துக் கணக்கு 13, 14 என்று வந்தபோது, இரண்டு சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டி, வேட்டியை நாலாக மடித்துப் போர்த்தி, அப்படியும் தூக்கம் வராமல் கிடந்தேன். டார்ஜிலிங்கிலிருந்து வந்த வகுப்புத் தோழர் ஒருவர் அதே இரவில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு படித்தார். அதே தோழர் மே மாதம் வந்ததும் நாளுக்கு மூன்று முறை குளித்தும், வியர்வை உலராமல் தவித்ததைக் கண்டு நான் பழிதீர்த்துக்கொண்டேன். வெயிலுக்குப் பிறந்தவன் என்ற என் கர்வமும் அந்தப் பசபசப்பில் கரைந்தது என்பது வேறு விஷயம்.

மூன்றாவது குளிர்காலத்தில் நான் வேறு ஆளாகிவிட்டேன். அரைக்கைச் சட்டையுடன் ஏரிக்கரையில் உலாவினேன். கொசுவுக்குப் பயந்து ஜனவரியிலும் மின்விசிறியை ஒன்றில் ஓடவிட்டுத் தூங்கினேன். உடம்பு பழகிக்கொண்ட வேகம் எனக்கே ஆச்சரியம். அதைவிட ஆச்சரியம், முதல் வருஷம் நடுங்கியதை மனம் மறந்துவிட்ட வேகம்.

அந்த நிலையில்தான் சென்ற தை மாதம் பொங்கல் கழித்து அம்மா என்னைப் பார்க்க வந்தார். என் அறையில் ஒரே கட்டில். "படிச்சிட்டு வாற பிள்ளை, நீ மேல படுய்யா" என்று சொல்லிவிட்டு, ஊரிலிருந்து கொண்டுவந்த பாயைச் சிவப்புச் சிமெண்டுத் தரையில் விரித்துப் படுத்துக்கொண்டார். விசிறி ஓடிக்கொண்டிருந்தது. "குளிருதாம்மா?" என்று கேட்டேன். "எனக்கென்னய்யா, நல்லாத்தான் இருக்கு" என்றார். நானும் நம்பினேன். கைப்பேசியில் பார்த்தேன், 14 டிகிரி. இது ஒரு குளிரா!

மூன்றாம் நாள் விடியற்காலை இருமல் சத்தம் கேட்டு விளக்கைப் போட்டேன். அம்மா இரண்டு சேலைகளைச் சுற்றிக்கொண்டு, முழங்காலை மார்போடு அணைத்து, சுவரோரம் உட்கார்ந்திருந்தார். எப்போதிலிருந்து அப்படி இருந்தார் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கத் துணியவில்லை.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், நான் பௌதிகம் படிக்கிறவன். நம் தோல் உஷ்ணமானி அன்று. உடம்பிலிருந்து சூடு எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதைத்தான் அது பெரும்பாலும் உணர்கிறது. அறைக் காற்றும் சிமெண்டுத் தரையும் ஒரே 14 டிகிரியில் இருந்தாலும், தரை பல மடங்கு விரைவாகச் சூட்டை இழுத்துவிடும். பாய் ஒன்றும் பெரிய தடை அல்ல. வயதானவர்களின் தோல் நாளங்கள் இளைஞர்களுக்கு இறுகுவதைப்போல இறுகிச் சூட்டைக் காப்பதுமில்லை. குளிரை உணர்த்தும் வாயில் ஒன்று நரம்பு முனையில் இருக்கிறது, டி.ஆர்.பி.எம்.8 என்ற புரதம். புதினா வாயில் பட்டால் ஜில்லென்று இருப்பதும் அதனால்தான். 2021-இல் நோபெல் பரிசு பெற்ற டேவிட் ஜூலியஸும் ஆர்டம் படாபூட்டியனும் தனித்தனியே அதைக் கண்டவர்கள். அந்த வாயில் தமிழனுக்கும் வங்காளிக்கும் ஒன்றுதான். ஆனால் எந்த அளவைச் சுகம் என்று சொல்வது என்பது அவனவன் பழகிய வெளியைப் பொறுத்தது. குளிர்சாதனம் இல்லாத கட்டடங்களில் வெளியே வெப்பம் ஏறினால், உள்ளே இருப்போருக்குச் சுகமான வெப்பநிலையும் கூடவே ஏறுகிறது என்று டி டியர், பிரேகர் என்ற இருவர் 1998-இல் பல நாட்டு அளவீடுகளைத் திரட்டிக் காட்டினார்கள். இதையெல்லாம் நான் ஒரு கருத்தரங்கில் படம் போட்டு விளக்கியவன். என் அறையின் தரையில் படுத்திருந்தவர் மூன்று நாட்களுக்கு முன்பு வரை 23 டிகிரி இரவில் தூங்கியவர் என்பது மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

பள்ளிக்கூடத்தில், மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனைப் பற்றிப் படித்தபோது நாங்கள் சிரித்தோம். இறகு போர்த்த மயிலுக்குப் போர்வை எதற்கு? தனக்குக் குளிர்ந்ததால் அதற்கும் குளிரும் என்று அந்த மனிதன் எண்ணிவிட்டான். நானோ எனக்குக் குளிராததால் அம்மாவுக்கும் குளிராது என்று எண்ணிவிட்டேன். பிழை இருவருக்கும் ஒன்றே. ஆனால் அவன் பிழையால் யாருக்கும் இருமல் வரவில்லை.

கீழ்வீட்டு மாசிமா இருமலைக் கேட்டு மேலே வந்தார். பாயையும் விசிறியையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் பேசிய வங்காளத்தை முழுவதும் இங்கே எழுதினால் ஆசிரியர் அச்சிடமாட்டார். கீழே போய் ஒரு லேப்பும், வெந்நீர்ப் பையும், பழுப்பு நிறத்தில் ஒரு மங்கி குல்லாயும் கொண்டுவந்தார். அம்மாவுக்கு வங்காளம் தெரியாது. மாசிமாவுக்குத் தமிழ் தெரியாது. குல்லாயைத் தம் கையாலேயே அம்மாவின் தலையில் மாட்டி, கொண்டை இடித்ததால் கொண்டையை அவிழ்த்துவிட்டு மறுபடியும் மாட்டினார். அம்மா ஒரு வார்த்தை மறுக்கவில்லை. என்னிடம் "எனக்கென்னய்யா" என்று சொன்னவர், அந்த அம்மாளிடம் பேசாமல் தலையைக் கொடுத்தார்.

அன்று முதல் அம்மா கட்டிலிலும் நான் பாயிலுமாகப் படுத்தோம். தரை எவ்வளவு குளிர்ந்தது என்பது எனக்கு அன்று இரவுதான் தெரிந்தது. ஒரு வாரத்தில் இருமல் குறைந்தது. ஹவுராவில் ரயில் ஏறும்போது அம்மா குல்லாயைக் கழற்றவில்லை. விஜயவாடா வந்த பிறகுதான் கழற்றினாராம். அதைப் பெட்டியில் வைத்து ஊருக்கே கொண்டுபோய்விட்டார்.

லேப் மட்டும் இன்னும் என்னிடம் இருக்கிறது. பங்குனி பிறந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் காயப்போட்டு, நாப்தலீன் உருண்டை வைத்து மாசிமாவிடம் கொடுக்கவேண்டும். குல்லாய் எங்கே என்று கேட்பார்.